ஊசிக்கல் தோட்டத்துக் கௌரவ நாய்கள்

லிந்துலையிலிருந்து வட்டகொடைக்குப் போகும் பாதையில், பஸ் ஒரு முறை நின்று மூச்சு வாங்கிக்கொள்ளும் வளைவில் ஊசிக்கல் தோட்டம் இருக்கிறது. அதன் தேயிலையைக் குடிக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பெட்டியில் அச்சடித்த மலையும் மூடுபனியும் தெரியும். பெட்டியில் அச்சடிக்காதது பெரட்டு. விடிந்ததும் தொழிலாளர்கள் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்கு முன்னால் வரிசையில் நின்று பேர் கொடுத்து, எந்த மலைக்கு, என்ன வேலைக்கு என்று உத்தரவு வாங்கிக்கொள்ளும் சடங்குக்குத்தான் பெரட்டு என்று பெயர். வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறியபோது பங்களாவிலிருந்த பியானோவைக்கூடக் கட்டிக்கொண்டு போனார்கள். பெரட்டை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு கம்பனி மாறியிருக்கிறது, துரை மாறியிருக்கிறார், தொழிற்சங்கத்துக் கொடியின் நிறம்கூட மாறியிருக்கிறது. பெரட்டில் சொன்னது மட்டும் மாறியதில்லை. அங்கே ஒரு வார்த்தை விழுந்தால் அது உத்தரவு.

அப்படிப்பட்ட இடத்தில்தான் ஜீவராணியின் தலையில் ஒரு வார்த்தை விழுந்தது.

ஜீவராணி கொழுந்து பறிப்பவள். கலியாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து அதே வரிசையில், அதே இடத்தில் நிற்பவள். அன்றைக்குத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்துக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. குடம் நிறைவதற்குள் பெரட்டு கூடிவிட்டது. ஓட்டமும் நடையுமாக வந்து வரிசையில் நுழைந்தவளைக் கண்டாக்கு நிரோஷன் பார்த்துவிட்டார். கண்டாக்கு என்றால் மலையில் நின்று வேலை வாங்கும் உத்தியோகத்தர். நிரோஷன் இளவயதுக்காரர், டிப்ளோமா படித்தவர், குரலை மட்டும் பழைய கண்டாக்குமாரிடமிருந்து முதுசமாகப் பெற்றவர்.

"நாயே! இது என்ன ஒங்கப்பன் வீட்டு பெரட்டா, நெனச்ச நேரத்துக்கு வர்றதுக்கு?"

இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஜீவராணியின் மாமியாரும் கேட்ட வார்த்தைதான், மாமியாரின் மாமியாரும் கேட்ட வார்த்தைதான். கேட்டுவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு மலையேறிவிடுவார்கள். ஆனால் அன்றைக்கு ரயில் அங்கே இருந்தது.

ரயில் என்பது ஜீவராணியின் நாய். வட்டகொடை ஸ்டேஷன் மேடையில் குட்டியாகக் கிடந்ததைத் தூக்கிவந்து வளர்த்ததால் அந்தப் பெயர். பெயருக்கேற்ற மாதிரி எதற்கும் நேரத்துக்கு வராது, பெரட்டுக்கு மட்டும் தவறாது. "நாயே" என்ற சொல் காதில் விழுந்ததும், மடுவத்துத் தூணோரம் சுருண்டு கிடந்த ரயில் எழுந்து, சோம்பல் முறித்து, நேராகக் கண்டாக்கின் காலடிக்குப் போய் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. பெரட்டே சிரித்துவிட்டது. அந்த மாதம்தான் வேலைக்குப் பேர் பதிந்திருந்த ஜீவராணியின் மருமகள் வினோதாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஜீவராணிக்கு அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை. அன்று முழுக்க அவள் பறித்த கொழுந்தில் பாதி காம்பு.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம்டி," என்றாள் சாயங்காலம், லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ராசம்மாவிடம். "பெரட்டுல விழுந்த வார்த்த பெரட்டுலதான் தீரணும். அதே எடத்துல நின்னு 'மன்னிச்சிருங்க'ன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். அவ்வளவுதான்."

ராசம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். "நாய் வால நிமித்துனாலும் நிமித்தலாம், கண்டாக்கு வாயில இருந்து அந்த வார்த்தய எடுக்க முடியாது. சும்மா படு," என்றாள்.

ஜீவராணி படுக்கவில்லை. தொழிலாளர் குறை கேட்கும் நாளில் தோட்டத்து ஆபீசுக்குப் போய் துரையின் ஜன்னலுக்கு வெளியே நின்றாள். துரை நல்ல மனிதர். தமிழும் ஓரளவு பேசுவார், பேசியதற்குப் பிறகு கொஞ்சம் களைத்துப்போவார்.

"ஜீவராணி, நீ நல்ல ஆள்தானே. ஏன் இந்தப் பிரச்சினை? கண்டாக்கு பெரட்டுல சொரி சொன்னா, நாளைக்கு தேயிலச் செடியும் வந்து என்னைய வெட்டினதுக்கு சொரி சொல்லுன்னு கேக்கும். வேற ஏதாச்சும் கேளு. குழாய் கேளு."

"குழாய் கேட்டு ரொம்ப நாளாச்சுங்க தொரை. இப்ப இத கேக்குறேன்."

துரை பெருமூச்சு விட்டார். முடிவெடுக்கப் பிடிக்காத விஷயம் எதுவானாலும் கொழும்புக்கு அனுப்புவது அவர் வழக்கம். இதையும் அனுப்பினார்.

கொழும்புத் தலைமையகத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது. அதன் பெயர் மனித மாண்பு மற்றும் பிராணி நலப் பிரிவு. தேயிலை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு கேள்விகளை அடுத்தடுத்துக் கேட்பார்களாம். உங்கள் தோட்டத்தில் மனிதரை மதிக்கிறீர்களா? நாய் பூனையை வதைக்காமல் இருக்கிறீர்களா? இரண்டு கேள்விக்கு இரண்டு ஆள் எதற்கு என்று கம்பனி யோசித்து, ஒரே மேசையைப் போட்டு, முனைவர் பட்டம் பெற்ற கலாநிதி ஜூட்சன் என்பவரை உட்கார வைத்திருந்தது. அவர் வெளிநாட்டில் படித்து வந்தது நாய்களின் நடத்தையைப் பற்றி. மனிதரைப் பற்றிப் போகப் போகப் பழகிக்கொள்வார் என்று நம்பினார்கள்.

அவர் ஜீப்பில் வந்து இறங்கிய அன்றே விசாரணை ஆரம்பமானது. ஆபீஸ் மாடியில் ஒரு நீள மேசை. ஒரு பக்கம் கலாநிதி, துரை, நிரோஷன். மறுபக்கம் ஜீவராணி, துணைக்கு ராசம்மா, தோட்டத்துச் சங்கத் தலைவர் சோலைமலை. தலைவர் எந்த விசாரணைக்கு வந்தாலும் இரு தரப்பும் சொல்வதற்குத் தலையாட்டுவார். சம்பந்தப்பட்ட தரப்பு என்று ரயிலையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அது மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டது.

கலாநிதி முதலில் நிரோஷனைக் கேட்டார். "அந்தச் சொல்லைப் பயன்படுத்தியபோது உங்களது நோக்கம் என்ன?"

"நோக்கம்னு ஒண்ணுமில்லைங்க சேர். வழக்கமா சொல்றதுதான். இவங்கள மட்டுமா சொல்றேன், எல்லாரையுந்தான் சொல்றேன்."

"பாரபட்சமின்றி?"

"பாரபட்சமே கெடையாதுங்க. மழை வெயில் பாக்காம சொல்லுவேன்."

"சமத்துவம் பேணப்பட்டிருக்கிறது," என்றார் கலாநிதி துரையைப் பார்த்து. துரை மகிழ்ச்சியடைந்தார். பிறகு கலாநிதி ஜீவராணியிடம் திரும்பினார். "அம்மா, உங்களது மனம் புண்பட்டதாகச் சொல்கிறீர்கள். நாய் என்பது இழிவு என்று நீங்கள் கருதுவதால்தானே புண்பட்டது? அப்படிக் கருதினால் நாயின் மனம் புண்படாதா? அதையும் எமது பிரிவுதான் பார்க்க வேண்டியிருக்கிறது."

ஜீவராணிக்குத் தலை சுற்றியது. முறைப்பாடு செய்ய வந்தவள் எந்த இடத்தில் எதிரியானாள் என்று அவளுக்குப் புரியவில்லை. "நாய் மேல எனக்கு ஒண்ணுமில்லைங்க. நான்தான் அத வளக்குறேன்."

"அந்தச் சொல்லைக் கேட்டபோது நாய் என்ன செய்தது?"

"வாலாட்டுச்சுங்க."

கலாநிதி பேனாவைக் கீழே வைத்தார். விசாரணையில் அதுவரை கிடைக்காத வெளிச்சம் அவருடைய முகத்தில் விழுந்தது. "கவனியுங்கள். ஒரே சொல். கேட்டவர்கள் இருவர். ஒருவர் வருந்தியிருக்கிறார், ஒருவர் வாலாட்டியிருக்கிறார். குற்றம் சொல்லில் இல்லை. அறிவூட்டலில்தான் குறைபாடு."

சங்கத் தலைவர் தலையாட்டினார்.

அறிவூட்டல் மறுநாளே கொழுந்து மடுவத்தில் நடந்தது. வெள்ளைத் துணி கட்டி, படம் காட்டும் கருவி வைத்து, 'உலக வரலாற்றில் புகழ்பெற்ற நாய்கள்' என்ற தலைப்பில் கலாநிதி பேசினார். ஆளுக்கொரு பிளேன்டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். ஊசிக்கல்லில் தொழிலாளருக்குப் பிஸ்கட் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அது நாய்களின் பெயரால் வந்தது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

முதலில் லைக்கா வந்தது. ரஷ்யாவில் தெருவில் திரிந்த நாய். அதைப் பிடித்து ராக்கெட்டில் வைத்து விண்வெளிக்கு அனுப்பினார்கள். பூமியைச் சுற்றிய முதல் உயிர். "தெருவில் கிடந்த ஒரு ஜீவனுக்குக் கிடைத்த உயர்வைப் பாருங்கள்!" என்றார் கலாநிதி.

ஜீவராணி கையை உயர்த்தினாள். "திரும்பி எறங்கிச்சுங்களா?"

"இல்லை. இறக்குவதற்கு அப்போது தொழில்நுட்பம் இருக்கவில்லை. ஆனால் தபால் முத்திரையில் படம் போட்டார்கள்."

"ஏத்தி விடுறவங்க எறக்குறதப் பத்தி யோசிக்கிறதில்ல," என்றாள் ராசம்மா, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி. "நம்ம பாட்டன் பூட்டனையும் இப்படித்தான் மலைக்கு ஏத்திவிட்டாங்க."

அடுத்தது ஜப்பான்காரர்களின் ஹாச்சிகோ. எசமான் வேலைக்குப் போனவர் இறந்துவிட்டார். தெரியாமல் அந்த நாய் வருடக்கணக்காக அதே ரயில் நிலையத்துக்கு வந்து காத்திருந்தது. சாகும்வரை காத்திருந்தது. அதே இடத்தில் அதற்குச் சிலை இருக்கிறது. ரயில் நிலையம் என்றதும் எல்லாரும் திரும்பி ரயிலைப் பார்த்தார்கள். அது பிஸ்கட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

"எசமான் செத்துட்டாருன்னு அதுகிட்ட யாரும் சொல்லலீங்களா?" என்று கேட்டாள் ஜீவராணி. அவளுக்கு உண்மையிலேயே கண் கலங்கியிருந்தது.

"சொல்லும் பொறுப்பு எந்தப் பிரிவிடமும் ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை," என்றார் கலாநிதி. "காத்திருத்தல்தான் அங்கே பண்பு. அதைத் தொழிலாளர்கள் மனதில் கொள்ள வேண்டும்."

பனிமலையில் புதைந்தவர்களைத் தேடிக் காப்பாற்றிய பாரி வந்தது. சுவிட்சர்லாந்து நாய். இறந்த பிறகும் அதன் உடலைப் பதப்படுத்தி அருங்காட்சியகத்தில் நிறுத்தியிருக்கிறார்களாம். "ஓய்வுக்குப் பின்னும் சேவை!" என்றார் கலாநிதி. ஓய்வு பெற்றும் கைக்காசுக்காகக் கொழுந்து எடுக்கும் கிழவிகள் நாலைந்து பேர் பின்வரிசையில் இருந்தார்கள். அவர்கள் கைதட்டவில்லை.

கடைசியில், உள்ளூர் மனதைத் தொட வேண்டும் என்று தருமருடைய நாயைக் காட்டினார். அந்தக் கதை அவரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். "சொர்க்க வாசல்ல நாய உள்ள விட மாட்டேன்னாங்க," என்று ஜீவராணியே எழுந்து சொன்னாள். "தருமரு, நாய விட்டுட்டு எனக்குச் சொர்க்கமே வேணாம்னு நின்னுட்டாரு."

"அங்கயும் வாசல்ல ஒரு கண்டாக்கு நின்னுருக்காரு," என்றாள் ராசம்மா.

பிறகு சொற்கள். நாயிடம் நீங்கள் என்னென்ன சொற்களைப் பயன்படுத்துகிறீர்கள் என்று கலாநிதி கேட்டார். ச்சூ, அடச்சீ, போ அங்கிட்டு, எந்திரி, மூடு, தோ தோ என்று நாலாபக்கமிருந்தும் வந்தன. அவர் திடுக்கிட்டார். "தோ தோ என்பதைத் தவிர மற்ற எல்லாமே விரட்டும் சொற்களாக இருக்கின்றனவே! எங்கே கற்றுக்கொண்டீர்கள்?"

எல்லாருடைய கண்களும் தன்னிச்சையாக நிரோஷன் பக்கம் போய்த் திரும்பின.

ஆகவே கலாநிதி சர்வதேசச் சொற்களைக் கற்பித்தார். சிட் என்றால் உட்காருவது. ஸ்டே என்றால் அசையாமல் இருப்பது. கம் என்றால் வருவது. சொன்னதைச் செய்ததும் குட் என்று சொல்லித் தட்டிக்கொடுப்பது. இதை ரயிலிடம் செய்து காட்டினார். சிட் என்றபோது ரயில் எழுந்து வெளியே போனது. அதன் பிறகு மும்மொழியில் எழுதிய ஒரு பெரிய பலகையை மடுவத்தின் முகப்பில் அறைந்தார்கள். மாத முடிவில் வெளிநாட்டுக்காரர்கள் தோட்டத்தைப் பார்க்க வருவதாக இருந்ததால் பலகை பளபளப்பாக இருந்தது. நாயைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும், அதனிடம் சத்தம் போடக் கூடாது, மழையில் வெளியே அனுப்பக் கூடாது, குளவிக்கூடு உள்ள பக்கம் விடக் கூடாது, குடிக்க நல்ல தண்ணீரும் படுக்க ஒழுகாத கூரையும் கொடுக்க வேண்டும், சொன்னதைச் செய்தால் பாராட்ட வேண்டும். அப்படியே ரயிலுக்கு ஒரு மஞ்சள் மழைச்சட்டையும் மாட்டிவிட்டார்கள். மழைக்கும் செடிக்கும் மறைப்பாக இடுப்பில் படங்கு என்ற முரட்டுச் சீலையைக் கட்டிக்கொண்டு நின்ற பெண்கள் அந்தச் சட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

மறுநாள் காலைப் பெரட்டில் தீர்ப்பு. கலாநிதியே முன்னால் நின்று ஒலிபெருக்கியில் வாசித்தார்.

"ஜீவராணி அவர்களை நாய் என அழைத்தது இழிவு அன்று, ஓர் உயரிய கௌரவம் என விசாரணையில் தெரியவந்துள்ளது. அந்தக் கௌரவம் ஒருவருக்கு மட்டும் கிடைப்பது நியாயமில்லை என்பதால், இன்று முதல் இத்தோட்டத்துத் தொழிலாளர் அனைவரையும் கம்பனி கௌரவ நாய்களாகப் பிரகடனம் செய்கிறது!"

துரை கைதட்டினார். ஆளுக்கொரு தகரச் சின்னம் கொடுத்தார்கள், அதில் ஒரு நாய்ப்பாதம். முதல் சின்னத்தை ஜீவராணியின் படங்கில் நிரோஷனே குத்திவிட்டார். குத்தும்போது அவளுடைய கண்ணைப் பார்க்கவில்லை. கலாநிதி அன்றே கொழும்புக்குத் திரும்பினார்.

சாயங்காலம் ஜீவராணி சின்னத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டது ஒரு வார்த்தை. கிடைத்தது ஒரு தகரம். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. மருமகள் வினோதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது அத்தை."

"விடு. இன்னைக்கு நீயும் நாய்தான்," என்றாள் ஜீவராணி. சின்னத்தை இன்னொரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம் புள்ள, பெரட்டுல சொன்னா அது உத்தரவுதான?"

"ஆமா அத்தை."

"அப்ப நாளையில இருந்து நம்ம எப்படி வேல செய்றது?"

அவளுக்கு வம்பு பண்ணும் எண்ணம் துளியும் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். உத்தரவை மீறிப் பழக்கமில்லாதவள். சிக்கலே அங்கேதான் இருந்தது.

மறுநாள் விடியும்போதே மழை சடசடவென்று அடித்தது. தென்மேற்கு மழைக்கு லிந்துலைப் பக்கம் கண்மண் தெரியாது. மடுவத்துக் கூரைக்குக் கீழே பெரட்டு நெருக்கியடித்து நின்றது. நிரோஷன் குடையை மடக்கிக்கொண்டு வந்து, "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ஏறுங்க மலைக்கு!" என்று கத்தினார்.

ஜீவராணி பலகையை ஒரு தரம் எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு மிகவும் பணிவாகக் கேட்டாள். "கண்டாக்கையா, மழையில வெளிய அனுப்பக் கூடாதுன்னு போட்டிருக்குங்களே. அப்ப நாங்க என்னா செய்றது?"

"அது நாய்க்கு!"

"ஆமாங்க. நேத்து பெரட்டுல சொன்னாங்களே."

நிரோஷன் பழைய குரலிலேயே கத்தினார். ராசம்மா பலகையில் முதல் வரிகளைச் சுட்டிக்காட்டினாள். "சத்தம் போடக் கூடாதுங்க ஐயா. மூணு பாஷையிலயும் போட்டிருக்கு."

ஜீவராணி உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததும் மொத்தப் பெரட்டும் உட்கார்ந்தது. ரயில் மஞ்சள் சட்டையோடு நடுவில் வந்து படுத்துக்கொண்டது.

துரை ஓடிவந்தார். அவருக்குப் பங்களா நாயிடம் பழக்கம் உண்டு. நிலைமையைப் பார்த்ததும் குனிந்து, தொடையைத் தட்டி, "கம்... கம்..." என்று அழைத்தார். எல்லாரும் மரியாதையாக எழுந்து இரண்டடி வைத்து நின்றார்கள். அவர் அடுத்துச் சொல்ல வேண்டியதை எதிர்பார்த்தார்கள். "குட்," என்றார் துரை, பல்லைக் கடித்துக்கொண்டு. இன்னும் இரண்டடி வந்தார்கள். கூரையின் விளிம்பு வந்தது, மழை வந்தது, நின்றுவிட்டார்கள்.

மழை விட்டபோது நிரோஷன் கீழ்மலைக்குப் போகச் சொன்னார். அங்கே குளவிக்கூடு இருந்தது, எல்லாருக்கும் தெரியும், போன மாதம்தான் ஒருத்தியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். குளவியும் பலகையில் இருந்தது. அடுத்த நாள் வெயில் அடித்தது. அன்றைக்கு நல்ல தண்ணீர் எங்கே என்று வினோதா கேட்டாள். அதற்கடுத்த நாள் ஒழுகாத கூரையைப் பற்றிப் பேச்சு வந்தது. லயத்துக் கூரைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அது ஒரு நாளில் முடிகிற பேச்சா? அதற்குள் மலையில் கொழுந்து முற்றி இலையாகிக்கொண்டிருந்தது. பாக்டரியில் கொழுந்து வாட்டும் தட்டுகள் வெறுமையாகக் கிடந்தன. ஊருக்கெல்லாம் இது வேலைநிறுத்தம் மாதிரித் தெரிந்தாலும், ஊசிக்கல்லில் வேலைநிறுத்தம் என்று யாரும் சொல்லவில்லை. எல்லாரும் பெரட்டுக்கு வந்தார்கள், பேர் கொடுத்தார்கள், ஸ்டே என்றதும் இருந்தார்கள். சங்கத் தலைவர் சோலைமலைக்கு இதை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்று புரியாமல் கழுத்து வலி வந்துவிட்டது.

துரை கொழும்பிலிருந்த கலாநிதிக்குப் போன் போட்டார். "சேர், இவங்கள நாயா வச்சிருக்க நமக்கு வசதி காணாது."

"என்ன பேசுகிறீர்கள்? அந்தப் பலகை நாய்களுக்காக எழுதப்பட்டது!"

"இவங்களும் அதுதானேன்னு நீங்கதானே பெரட்டுல சொன்னது!"

கலாநிதி உடனே கௌரவத்தை ரத்துச் செய்து கடிதம் அனுப்புவதாகச் சொன்னார். துரை அதை ஜீவராணியிடம் சொன்னார். ஜீவராணி தலையைக் குனிந்துகொண்டு, "பெரட்டுல குடுத்தத பெரட்டுலதாங்க எடுக்கணும், தொரை. எங்களுக்குக் கடதாசி பழக்கமில்ல," என்றாள். "எங்கள நாய்னு மொத சொன்னவரு கண்டாக்கையா. அவரும் வந்து இல்லைன்னு சொல்லிட்டாருன்னா எங்களுக்குக் கொழப்பம் இருக்காது."

வெளிநாட்டுக்காரர்கள் வரும் நாளும் வந்துவிட்டது. அன்றைக்கு விடியற்காலையிலேயே கலாநிதி ஜீப்பில் வந்து இறங்கினார். மழை மறுபடி பிடித்துக்கொண்டிருந்தது. பெரட்டு முழுக்க மடுவத்துக் கூரையின் கீழே நின்றது. ஒலிபெருக்கி நனைந்து கரகரத்தது.

"ஆழமான மீளாய்வின் பின்னர், ஊசிக்கல் தோட்டத்துத் தொழிலாளர்கள் நாய்கள் அல்லர், மனிதர்களே என்ற முடிவுக்குக் கம்பனி வந்திருக்கிறது. இது நிரந்தர முடிவு. நாய்களைப் பராமரிப்பதற்குக் கம்பனியிடம் கடுமையான சர்வதேச நியமங்கள் இருக்கின்றன. மனிதர்களுக்கென்று அப்படிப்பட்ட பலகை எதுவும் எம்மிடம் இல்லை என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறேன்."

சொல்லிவிட்டு நிரோஷனைப் பார்த்தார். நிரோஷன் வரிசைக்கு முன்னால் வந்து நின்றார். அன்றைக்கு நின்ற அதே இடம். பழைய குரலைத் தேடினார், இந்த வேலைக்கு அது உதவவில்லை. அவருடைய சொந்தக் குரல் எப்படியிருக்கும் என்று பெரட்டு முதன்முதலாகக் கேட்டது, அது ஒரு பொடியனுடைய குரல்.

"ஜீவராணி அக்கா. அன்னைக்கு நான் சொன்னது தப்பு. மன்னிச்சிருங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஜீவராணி தகரச் சின்னத்தைக் கழற்றி அவருடைய கையில் வைத்தாள். அவளுக்கு நெஞ்சு நிறைந்து, கண்ணீர் தாடை வழியாக இறங்கியது. மாமியார் இருந்திருந்தால் கூட்டிவந்து நிறுத்தியிருப்பேனே என்று நினைத்துக்கொண்டாள். வினோதா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு நிரோஷன் மெல்லச் செருமிக்கொண்டு, நல்ல மரியாதையோடு சொன்னார். "சரிங்க. எல்லாரும் இப்ப மலைக்கு ஏறுங்க."

ஜீவராணி வெளியே பார்த்தாள். மலை தெரியவில்லை. மழைதான் தெரிந்தது. பலகையைப் பார்த்தாள். அது பளபளவென்று அங்கேயே இருந்தது, ஆனால் அதில் அவளைப் பற்றி இப்போது ஒன்றும் இல்லை.

ராசம்மா படங்கை இறுக்கிக் கட்டி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டாள். "மனுசங்களாயிட்டோம்ல," என்றாள். "வா, நனைவோம்."

ஜீவராணி முதலில் இறங்கினாள். நனைவது புதிதில்லை. ஆனால் பேரோடு நனைவது வேறு என்று அவளுக்குத் தோன்றியது, அது பொய்யில்லை. அவள் பின்னால் வரிசையாக எல்லாரும் மழைக்குள் இறங்கினார்கள். அவளுடைய காலடியை மோந்துகொண்டு ரயிலும் இறங்கியது. மஞ்சள் சட்டையை எங்கேயோ கழற்றிப் போட்டிருந்தது.

கீழ் வளைவில் வெளிநாட்டுக்காரர்களின் வேன் விளக்கைப் போட்டுக்கொண்டு ஏறிவந்தது. கலாநிதி பதறிப்போனார். "நாய் நனைகிறது! யாராவது நாயைப் பாருங்கள்!"

நிரோஷன் குடையை விரித்துக்கொண்டு ஓடினார். "ரயில், கம்... கம்..." என்று, சத்தம் போடாமல், பலகையில் சொன்னபடியே அழைத்துப் பார்த்தார். அது நிற்கவில்லை. வேறு வழியில்லாமல், குனிந்து, குடையை நாயின் முதுகுக்கு மேலே பிடித்தபடி, தான் நனைந்துகொண்டு, நனைந்த பெண்களுக்கு நடுவே அவரும் மலையேறினார்.

"பாத்து வாங்க ஐயா," என்றாள் ஜீவராணி திரும்பிப் பார்த்து. "வழுக்கும்."